தருமாஸ்பத்திரிக்கு நடந்த காலம்

ராகிக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்முறையாக ரத்தம் வந்தது. இருமல் அதற்கு முன்பே இருந்தது. தூறல் காலத்தில் எங்கள் பக்கம் இருமாதவர்கள் குறைவு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று குனிந்தபடியே இருமித் துப்பினேன். ஈரச் செம்மண்ணில் அது தனியாகத் தெரிந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். அதற்குள் பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டாள்.

அக்கா என்று நான் கூப்பிட்டது என் கணவரின் அண்ணன் மனைவியை. அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. என் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். கொல்லை வேலைக்கு வரும்போது அவளை மரத்தடியில் தூளி கட்டிப் படுக்க வைப்போம்.

அக்கா களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குத்தான் அக்கா."

"மறைக்காத."

"சத்தியமா இன்னிக்குத்தான்."

அக்கா எழுந்தாள். தூளிக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "நீ வூட்டுக்குப் போயி படு" என்று மட்டும் சொன்னாள்.

நான் மத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணம் செய்துகொண்டு ஜூஜுவாடிக்கு வந்தேன். ஐம்பதுகளில் அது வேறு தேசத்துக்கு வந்த மாதிரிதான். மத்தூரில் யாரைக் கூப்பிட்டாலும் தமிழில் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே தெருவில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம், எங்கள் வீட்டுக்குள் மட்டும் தமிழ். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மைசூர் ராஜ்ஜியம் வந்துவிடும். ரோட்டில் பெங்களூர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, இதில் ஒன்று திரும்பிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போகாதா, அதில் ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டு வர முடியாதா என்று நினைத்ததுண்டு. பிறகு அம்மாவும் இறந்துபோனார். அண்ணன் மட்டும் இருந்தார்.

வீட்டில் முதலில் ஆடாதொடைக் கஷாயம் கொடுத்தார்கள். பிறகு ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கினார்கள். எதற்கும் கேட்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், காலையில் உடம்பெல்லாம் வேர்வை. பெங்களூருக்குக் கூட்டிப் போய்ப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. அப்போதுதான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசாங்கம் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருந்தது. அந்த நீண்ட பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். தருமாஸ்பத்திரி என்பார்கள். என் கணவர் அங்கே கூட்டிப் போகிறேன் என்றதும் மாமியார் முகத்தைச் சுளித்தார்.

"சும்மா குடுக்கற மருந்துல என்னாத்த இருக்கப்போவுது?"

"பாத்துட்டு வர்றம்மா" என்றார் என் கணவர். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மாட்டோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேச மாட்டார்.

டாக்டர் தெற்கத்திச் சீமைக்காரர், சின்ன வயது. சளியை வாங்கிப் பார்த்தார். சேலத்துக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுத்துவரச் சொன்னார். படத்தோடு திரும்பி வந்தபோது அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எனக்கு அது மேகமூட்டம் மாதிரி தெரிந்தது. என் உடம்புக்குள் இருப்பதை நான் பார்த்தது அன்றுதான்.

"காசநோய். பயப்பட வேண்டாம். இப்ப ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு" என்றார்.

என் கணவர் கைகட்டிக்கொண்டு, "எவ்ளோ ஆவுங்க சாமி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. சர்க்கார் கொடுக்குது. ஆனா தினமும் இங்க வரணும். நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அப்பவும் வரணும். பாதியில நின்னா பிறகு என்னால ஒண்ணும் செய்ய முடியாது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "குழந்தை இருக்கா?"

"இருக்குதுங்க."

"பால் கொடுக்கறீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"நிறுத்திடுங்க. உங்க சளியில கிருமி இருக்கிற வரைக்கும் பிள்ளை பக்கத்துல வர வேண்டாம். நான் சொல்ற வரைக்கும்."

அது எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது என் பாயும் பெட்டியும் வெளியே வந்திருந்தன. கொல்லைக் கிணற்றடியில் ஒரு கொட்டாய் இருந்தது. மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற தோல்பையையும் வடக்கயிற்றையும் போட்டு வைக்கிற இடம். பனையோலைக் கூரை, ஒரு பக்கம் மட்டும் மண்சுவர். கயிற்றையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, மீதி இடத்தை மாமியார் சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தார். எனக்கென்று ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர், ஒரு குடம். அவர் கெட்டவர் இல்லை. மெழுகியது சுத்தமாக இருந்தது. ஆனால் நான் உள்ளே போனதும் அவர் வெளியேறிய வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம். மத்தூரிலிருந்து வந்து, தூரத்தில் நின்று பார்த்தார். "மருந்து இங்கதான் கெடைக்குதாம். இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. மத்தூரிலிருந்து தினமும் இங்கே எப்படி வர முடியும்? ஆனாலும் அவர் போன பிறகு அவர் கொண்டுவந்திருந்த மாங்காய்களைத் தொட மனம் வரவில்லை.

பால் கட்டிக்கொண்டு மார் வலித்தது. கிணற்று மறைவில் நின்று பிழிந்து மண்ணில் விட்டேன். கொட்டாயிலிருந்து பார்த்தால் அவரைச்செடிக் கொல்லைக்கு அப்பால் வீட்டு வாசல் தெரியும். முதல் நாட்களில் குழந்தை என் பக்கம் கையை நீட்டி அழும். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அழுகை உள்ளேயிருந்து கேட்கும். பிறகு அழுகை குறைந்தது. ஒரு நாள் அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு கொட்டாங்கச்சியில் மண்ணை நிரப்பிக் கொட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தாள். நான் கையை அசைத்தேன். மறுபடியும் மண்ணை நிரப்பத் தொடங்கினாள். அவள் அழாததற்காக நான் அன்று அழுதேன்.

தினமும் காலையில் பனி விலகுவதற்கு முன் கிளம்புவேன். எங்கள் பக்கத்துப் பனி மத்தூரில் கிடையாது. முன்னால் போகிற ஆள் தெரியாது, மாட்டு மணி மட்டும் கேட்கும். ரோட்டைக் கடந்து, உண்ணிச்செடி வேலியோரமாக நடந்து, ஏரிக்கரை மேலேறி இறங்கினால் ஆஸ்பத்திரி. நடுவில் எத்தனை தடவை உட்காருவேன் என்பது அன்றைய நெஞ்சைப் பொறுத்தது. என்னைத் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொள்வார்கள். நான் பாதையை விட்டு இறங்கி நின்று அவர்களைப் போக விடுவேன். கொஞ்ச நாளில் அது பழக்கமாகி, யாரும் மூடிக்கொள்வதற்கு முன்பே இறங்கி நிற்கத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சு. கம்பவுண்டர் ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைப்பார். அந்த வாடை வந்தாலே எனக்கு இடுப்பு வலிக்கும். பழைய ஊசி, முனை மழுங்கியிருக்கும். போட்ட பிறகு விரல் தடிமனுக்குப் பொடி அடைத்த மாத்திரைகளைக் கையில் கொட்டுவார். அவர் எதிரிலேயே விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும். வாந்தி எடுத்தால், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கொடுப்பார். "இதுவும் கெடச்சது அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கம்மா" என்பார். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். என் அம்மாவழிப் பெரியப்பா இதே நோயில் மருந்தே இல்லாமல் போனவர்.

அந்தப் பெஞ்சில்தான் அவளைச் சந்தித்தேன். என்னைவிட நிறைய மூத்தவள், எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அத்திப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பூந்தோட்டத்தில் செவந்தி பறித்துக்கொண்டிருந்தவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. இருமல் முற்றியதும் தோட்டத்துக்காரர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு அனுமார் கோவிலின் வெளி மண்டபத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதல் நாள் நான் ஊசி போட்டுக்கொண்டு தலை சுற்றி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் அசையவில்லை. அவள் மட்டும் நகர்ந்து இடம் விட்டு, பெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"பா, கூத்கோ" என்றாள்.

வா, உட்கார் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த கன்னடம் சந்தைக் கன்னடம். அவளுக்குத் தெரிந்த தமிழும் அப்படித்தான். ஆனால் பல வாரங்களாக என்னை யாரும் பக்கத்தில் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். அவள் தோள் என் தோளில் பட்டது. அவள் விலகிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு தினமும் அந்தப் பெஞ்சில் சேர்ந்து உட்காருவோம். "ஊட்டா ஆய்தா?" என்று கேட்பாள், சாப்பிட்டாயா என்று. ஆயிற்று என்பேன். என் குழந்தையைப் பற்றி விசாரிப்பாள். இன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள், வாசலில் இருந்தாளா, உள்ளே இருந்தாளா என்று எல்லாவற்றையும் கேட்பாள். எங்கள் வீட்டில்கூட யாரும் அதை என்னிடம் பேச மாட்டார்கள். எனக்கு வார்த்தை கிடைக்காதபோது கையால் காட்டுவேன். குழந்தை கொட்டாங்கச்சியில் மண் அள்ளியதைக் காட்டியபோது அவள் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

ஒரு நாள் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அந்த மாதம் ஊசி மருந்து குறைவாக வந்திருந்தது. இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வந்திருந்தார். எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டார். அவள் தன் ஊர்ப் பெயரைச் சொன்னாள். மறைக்கத் தெரியாதவள்.

"அது மைசூர் ராஜ்ஜியமாச்சே" என்றார் அதிகாரி. டாக்டர் பக்கம் திரும்பினார். "இந்த மருந்து நம்ம வட்டாரத்து ஜனங்களுக்கு வந்தது. அவங்க ஊர்லயும் சர்க்கார் இருக்கு. அங்க போகச் சொல்லுங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. மேலிடத்தில் அவருக்குச் சொல்லியிருந்ததை அவர் சொன்னார்.

"பாதி மருந்து போட்டாச்சு சார். இப்ப நிறுத்தினா வீணாப் போகும்" என்றார் டாக்டர்.

"எனக்கும் தெரியுது. நாளைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பத்துப் பேர் வந்தா என்ன செய்வீங்க?"

அவளுக்குப் பாதி புரிந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து தன் துணி மூட்டையை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் அவள் ஏற்கனவே கேட்டுப் பார்த்தவள். பெங்களூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகும்வரை காத்திருக்கச் சொன்னார்களாம். அங்கே காத்திருக்க அவளுக்கு இடம் ஏது?

எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. பெரிய மனிதர்கள் எதிரில் பேசிப் பழக்கமில்லாதவள். "அவங்க இப்ப எங்க கொட்டாயிலதான் இருக்காங்க. ஜூஜுவாடியில" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுலயா?"

"கொல்லைக் கொட்டாயில. என்னோட."

"உறவா?"

"ஆமாங்க."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி தமிழ், ஒருத்தி கன்னடம். எங்கள் பக்கத்தில் அது பெரிய அதிசயம் இல்லை. "சரி, ஜூஜுவாடின்னா போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். டாக்டர் அன்று கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சொன்னது நிஜமா இருக்கணும்மா. நான் ஒரு நாள் வந்து பாப்பேன். கொட்டாயில காத்து நல்லா வரட்டும். எதையும் அடைச்சு வைக்காதீங்க."

அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏரிக்கரையில் ஒரு தடவை நின்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

மாமியார் அவரைச்செடிக் கொல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கேட்டார்.

"யாரு அது?"

"ஆஸ்பத்திரியில பழக்கம் அத்த. எடமில்லாதவங்க."

"ஒரு நோவாளிய வெச்சினு நாங்க படறது போதாதா? ஊருல என்னா பேசுவாங்க?"

என் கணவர் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஏரை இறக்கி வைத்தார்.

"இருக்கட்டும்மா" என்றார். "அவ ஒண்டியா கெடக்கறா. தொணைக்கு ஒருத்தி இருந்தா என்னா."

அவ்வளவுதான். மறுபடியும் ஏரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஒண்டியாகக் கிடப்பதை அவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் வந்த பிறகு கொட்டாயில் அடுப்பு எரிந்தது. வீட்டிலிருந்து வரும் ஆறிய களிக்குப் பதிலாக மூன்று கல்லை வைத்து அவளே சூடாகக் களி கிண்டினாள். கொள்ளு ரசம் வைத்தாள். இருவரும் காலையில் ஒன்றாக ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். எதிரே வருகிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்தால் நான் பழையபடி பாதையை விட்டு இறங்குவேன். அவள் இறங்க மாட்டாள். நடுப்பாதையில் தன்பாட்டுக்கு நடப்பாள். அவர்கள்தான் இறங்க வேண்டியிருந்தது. குழந்தை வாசலுக்கு வந்தால் எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். என் குழந்தையின் பெயரை அவள் கன்னட ராகத்தில் நீட்டிச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

டாக்டர் சொன்னபடி ஒரு நாள் சைக்கிளில் வந்தார். கொட்டாயைச் சுற்றிப் பார்த்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து இளநீர் குடிப்பது மாதிரி ரசித்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். எங்கள் குடத்துத் தண்ணீரை அவர் குடித்ததை வீட்டு வாசலிலிருந்து மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு மாமியார் கொட்டாய்க்குக் கொஞ்சம் கிட்டே வந்து நின்று பேசத் தொடங்கினார்.

இரண்டு பேருக்கும் உடம்பு தேறிக்கொண்டு வந்தது. எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. அவளுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் ஒரு நாள் நடக்கும்போது அவள் குடிகாரன் மாதிரி தள்ளாடினாள். காதைத் தொட்டுக் காட்டி, உள்ளே வண்டு கத்துகிறது என்றாள். எனக்கும் அந்தச் சத்தம் லேசாக இருந்தது, வந்து வந்து போகும். அவளுக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார். மறுபடி, இன்னும் பலமாகத் தட்டினார். அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில பேருக்கு இந்த ஊசி காதைப் பாதிக்கும்" என்று என்னிடம் சொன்னார். அவர் முகம் வாடியிருந்தது. "இவங்களுக்கு ஊசிய நிறுத்திடறேன். மாத்திரை மட்டும் போதும். நெஞ்சு நல்லாயிருக்கு."

"காது திரும்பி வருங்களா?"

அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

எங்கள் பேச்சே பாதிப் பேச்சு. அதுவும் போயிற்று. நான் பேசினால் என் உதட்டையே பார்ப்பாள். தமிழ் உதட்டை அவளுக்குப் படிக்க வரவில்லை. கையைக் காட்டிக் காட்டிச் சமாளித்தோம். ஆனால் கையால் எவ்வளவு சொல்ல முடியும்? அவளுக்குத் தன் குரலே கேட்காததால் கத்திப் பேசினாள், பிறகு வெட்கப்பட்டு அறவே பேசாமல் இருந்தாள். இரண்டு பேரும் கொட்டாயின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருப்போம். கூட ஆள் இருந்தும் தனியாக இருப்பது, ஆளே இல்லாமல் இருப்பதைவிடக் கனமாக இருந்தது.

மறு வருடம் அறுவடை முடிந்த சமயத்தில் மாத்திரையும் போதும் என்று அவளை விட்டுவிட்டார்கள். அன்றே மூட்டையைக் கட்டினாள். தோட்டத்துக்காரர் திரும்ப வரச் சொல்லியிருந்தாராம். செவந்தி பறிக்கக் காது எதற்கு என்று சைகை காட்டிச் சிரித்தாள். நான் ரோடு வரைக்கும் போனேன். லாரிகள் அலறிக்கொண்டு போனபோது அவள் பார்க்காமல் ரோட்டில் கால் வைக்கப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அவளை மறுபக்கம் கொண்டுபோய் விட்டேன்.

"நீ நன்ன மகளு" என்று கத்திச் சொன்னாள். நீ என் மகள் என்று. ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு நோய் தீர்ந்த பிறகு அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போனபோதெல்லாம் பூக்காரர்களிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். காது கேளாத பெண் ஒருத்தி இருந்தாள் என்றார் ஒருவர். அந்தத் தோட்டம் கை மாறியது, ஆட்கள் போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

எனக்கு இன்னும் சில மாதம் மருந்து இருந்தது. அதை முடித்து, மறுபடியும் சேலத்துக்குப் போய்ப் படம் எடுத்து வந்தோம். டாக்டர் அதே ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்கம்மா. பிள்ளையத் தூக்கிக்கங்க" என்றார்.

ரோட்டில் என் கணவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டு வாசலில் மாமியார் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். குழந்தை அக்காவின் இடுப்பில் இருந்தாள். இரண்டு சடை போட்டிருந்தார்கள். அவ்வளவு முடி வளர்ந்ததை நான் தூரத்திலிருந்து கவனித்திருக்கவில்லை. நான் கையை நீட்டினேன். அவள் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, கொட்டாய் அம்மா வந்திருக்கு" என்று அக்காவின் காதில் சொன்னாள்.

அம்மா என்றது அக்காவை. கொட்டாய் அம்மா நான்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அதாண்டி ஒன் அம்மா. போ, போ" என்று இடுப்பிலிருந்து பிரித்து என்னிடம் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை கதறினாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

"இருக்கட்டும் அக்கா. அதுவா வரட்டும்."

அக்கா குழந்தையோடு சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அவளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு காலம் தன் மார்மேல் போட்டு வளர்த்தவள். நான் செத்துப்போவேன் என்று எல்லோரும் நினைத்த சமயத்தில் அவள் வளர்த்தாள். அதைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. வாய் வரவில்லை.

அதுவாக வரட்டும் என்று நான் சொன்னது நடக்கவில்லை. குழந்தை என்னோடு பேசினாள், சிரித்தாள், நான் வைத்த பூவை வைத்துக்கொண்டாள். ராத்திரியில் படுப்பது அக்காவிடம். அடிபட்டால் ஓடுவது அக்காவிடம். வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். தட்டும் டம்ளரும் மற்றவர்களுடையதோடு சேர்ந்துவிட்டன. ஆனால் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்குச் சோறு இறங்காது. பேச்சு என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும். நான் இல்லாத காலத்தில் நடந்தவற்றை அவர்கள் பாதி வார்த்தையில் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த மீதி வார்த்தை தெரியாது.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அக்காவின் தாய்வீட்டில் ஒரு சாவு விழுந்து அவள் நாட்றாம்பாளையத்துக்குப் போயிருந்தாள். மலைப்பக்கம், போனால் உடனே திரும்ப முடியாது. அவள் போன நாலாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு கொதித்தது, கண் திறக்கவில்லை. ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. நான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓட முடியவில்லை என்றாலும் உட்காராமல் நடந்தேன். ஏரிக்கரை ஏறும்போது மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பற்றிய பயம் அன்று எனக்கு வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக ஒருவர் இருந்தார். கம்பவுண்டர் மட்டும் அவரே. என்னைப் பார்த்ததும் பெஞ்சைக் காட்டப்போய், தோளில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, "உள்ள வாம்மா" என்றார். உள்ளே போனேன். ஊசி போட்டார்கள். பாட்டிலில் சிவப்பு மருந்து ஊற்றி, எத்தனை வேளை என்பதற்குக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் இறங்கி வேர்த்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அம்மா எங்கே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். என் மடியிலேயே திரும்பிப் படுத்து, என் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்னிடம், "ஒன் பொண்ணா? ஒன்ன மாதிரியே மூக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

வெயில் தாழ்ந்ததும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஏரிக்கரை இறக்கத்தில் எதிரே அக்கா ஓடிவந்தாள். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்குள்ளேகூடப் போகாமல் வந்திருக்கிறாள். செருப்பில்லாத காலெல்லாம் புழுதி.

"எப்புடி இருக்குது?"

"எறங்கிடுச்சு அக்கா."

அவள் குரலைக் கேட்டதும் குழந்தை என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டு கையையும் நீட்டி அக்காவிடம் தாவினாள். அக்கா என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். என் தோள் குழந்தையின் வேர்வையில் நனைந்திருந்தது. காற்று பட்டு அந்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது. மருந்துப் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு நான் அவர்கள் பின்னால் நடந்தேன்.